இரண்டாவது வாசல்

திண்டுக்கல்லில் நான் முன்பு பணிபுரிந்த கல்லூரியில் தமிழ்த்துறைக்கு ஒரு கணினி வந்தது. வலையமைப்பு இணைப்பு மட்டும் வரவில்லை. கேபிள் அலுவலகத்தோடும் ஆண் ஆசிரியர்களின் அறையோடும் நின்றுவிட்டது. அக மதிப்பெண்களையோ கல்லூரி வலையமைப்பில் உள்ள கணினி வழியாகத்தான் பதிய வேண்டும். பெண் ஆசிரியர்கள் நாங்கள் பட்டியலோடு கடவுச்சொல்லையும் துண்டுச்சீட்டில் எழுதி அலுவலகத்தில் கொடுத்துவிடுவோம். "நாங்க போட்டுக்கிறோம் மேடம், நீங்க கிளம்புங்க, பஸ் போயிடும்" என்பார்கள். அந்தப் பேச்சில் அக்கறையும் இருந்தது. அதனால்தான் அதை மறுப்பது கடினமாக இருந்தது.

ஒரு பருவத்தில் ஒரு மாணவியின் 21, 12 ஆகப் பதிவானது. பதிவில் இருந்தது என் பெயர். தட்டச்சு செய்தது என் விரலல்ல.

இந்த இடத்தில் ஏம்பலம் நினைவுக்கு வருகிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. ஏம்பலத்தில் மையம் அமைந்தது ஒரு கோயிலில். 2000 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் அதைப் பற்றி எழுதியது. கோயிலுக்கு இரண்டு வாசல்கள். சந்நிதிக்குப் போகும் வாசலில் தலித்துகளுக்கும் மாதவிலக்கான பெண்களுக்கும் அனுமதியில்லை. சூரிய மின்சாரத்தில் ஓடும் கணினிகள் இருந்த பக்கத்து வாசலில் யாரும் நுழையலாம்.

இதை மரபும் நவீனமும் கைகோத்த காட்சியாகக் கொண்டாடலாம். நான் அப்படி வாசிக்கவில்லை. கணினி வந்த பிறகும் முதல் வாசலின் விதி அப்படியே இருந்தது. தொழில்நுட்பம் தீட்டை ஒழிக்கவில்லை. அதைச் சுற்றிப் போக வழி தந்தது. ஆனாலும் அந்த இரண்டாவது வாசலைச் சிறிதென்று தள்ள எனக்கு மனமில்லை. அதில் நுழைய ஒரு பெண் யாரிடமும் தன் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதில்லை. எங்கள் கல்லூரியில் அந்த வாசல்கூட இல்லை.

நான் விண்ணப்பித்தேன். வந்த தொழில்நுட்பர் விளக்கினார்: கணினியின் வலையட்டைக்குத் தயாரிப்பிலேயே ஓர் எண் உண்டு, அது மேக் முகவரி. எந்த வலையமைப்புக்குப் போனாலும் பொதுவாக அது மாறாது. ஐபி முகவரியோ சேரும் வலையமைப்பு தருவது. இடம் மாறினால் மாறும். பிறந்த வீட்டுப் பெயரும் புகுந்த வீட்டு முகவரியும்போல என்று சிரித்தேன். அவர் நீட்டிய படிவத்தில் "பொறுப்பாளர்" என்ற இடத்தில் எங்கள் துறையின் இளைய ஆண் ஆசிரியர் பெயர் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. யாரும் திட்டமிட்டு எழுதியதல்ல. கை பழக்கத்தில் எழுதியிருக்கிறது.

அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். அடுத்த பருவத்தில் கேபிள் வந்தது. முதல் வேலையாகக் கடவுச்சொல்லை மாற்றினேன்.

பணியிடத்தில் பெண்களுக்கு இணைப்பு கிடைத்துவிட்டதா என்று கேட்கும்போது கம்பியை மட்டும் பார்க்காதீர்கள். பொறுப்பாளர் பெயரைப் பாருங்கள், கடவுச்சொல் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேளுங்கள். அந்த 12ஐ மீண்டும் 21 ஆக்க மூன்று கடிதங்களும் இரண்டு மாதங்களும் ஆயின. காத்திருந்தது நானல்ல, அந்த மாணவி.