எவிக்யூ: ‘எப்ப?’ என்று கேட்பவர்களுக்கு

எதிர்வீட்டு அக்கா முதல் கீமோ ஏற்றிக்கொண்டு வந்த அன்று மாலையே என் கதவைத் தட்டினார். மார்பகப் புற்றுநோய். கையில் பிளாஸ்டர்கூடப் பிரிக்கவில்லை. “தங்கச்சி, முடி எப்பம்மா கொட்டும்?”

பினாங்கில், கீமோ பிரிவில் தாதியாக வேலை செய்கிறேன். ‘கொட்டுமா?’ என்றிருந்தால் யோசிக்காமல் சொல்லியிருப்பேன். ‘எப்ப’ என்றதும் “கொஞ்ச நாள்ல அக்கா” என்றுதான் வாயில் வந்தது. எங்களிடம் வருகிறவர்கள் பலருக்கும் இதே கேள்விதான். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஏற முடியுமா, பேத்தி கல்யாணத்தில் நிற்க முடியுமா என்று கேட்பார்கள். எல்லாமே ‘எப்ப’தான். நாங்களோ ‘என்னென்ன’ என்று பட்டியலைக் கொடுத்து அனுப்புகிறோம்.

அன்றிரவு திறந்ததுதான் எவிக்யூ. ஏழு வாரமாக அதோடுதான் இருக்கிறேன். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் புற்றுநோய்க் கழகம் நடத்தும் இணையதளம் இது. புற்றுநோய்ச் சிகிச்சை அளிப்பவர்களுக்கானது, இலவசம், பதிவு செய்துகொண்டால் போதும். மருந்தளவு, நாள் கணக்கு, எதற்குப் பின் எதை ஏற்றுவது, எந்த ஆய்வை நம்பி இது என்ற ஆதாரம் எல்லாம் ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனிப் பக்கத்தில் இருக்கின்றன. உடற்பரப்பு, சிறுநீரகத் திறன், கார்போபிளாட்டின் அளவு ஆகியவற்றுக்குக் கணிப்பான்களும் உண்டு. துறையில் இருப்பவர்களுக்கு இவை புதிதல்ல.

என்னைப் பிடித்து உட்கார வைத்தது பக்கவிளைவுப் பகுதி. அங்கே விளைவுகளை நாலு காலமாகப் பிரித்திருக்கிறார்கள். மணிக்கணக்கில் அல்லது ஓரிரு நாளில் வருவது, நாள்களிலிருந்து வாரங்களில் வருவது, வாரங்களிலிருந்து மாதங்களில் வருவது, மாதங்களிலிருந்து ஆண்டுகளில் வருவது. அக்காவுக்குக் கொடுப்பது டாக்ஸோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும், 21 நாளுக்கு ஒரு முறை. வாந்தியும் சிவந்த சிறுநீரும் முதல் கட்டத்தில். வெள்ளையணு குறைவதும் வாய்ப்புண்ணும் இரண்டாவதில். முடி மூன்றாவதில். இதயப் பாதிப்பு நாலாவதில். நோயாளிக்கான தாளில் இன்னும் துல்லியம்: முதல் ஊசிக்குப் பின் இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டத் தொடங்கும் என்று எளிய வார்த்தையில் இருக்கிறது. இத்தனை நாள் மனப்பாடமாக ஒப்பித்ததை யாரோ நோயாளியின் பக்கத்தில் நின்று அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவின் என்சிசிஎன் புற்றுநோய்ச் சிகிச்சை வழிகாட்டிகளையும் பார்ப்பேன். எந்த மருந்து என்று முடிவெடுக்கும் மருத்துவருக்கு அவை வேண்டும். முடிவான மருந்தைத் தொங்கவிட்டு நரம்பில் ஏற்றுகிறவளுக்கு எவிக்யூதான் கைக்கு அடக்கம். டாக்ஸோரூபிசின் நரம்புக்கு வெளியே கசிந்தால் குளிர் ஒத்தடம், வின்கிரிஸ்டின் கசிந்தால் சூடான ஒத்தடம். மாற்றிச் செய்துவிட்டால் கெடுதல். பதற்றத்தில் யாருக்கும் மறக்கும். அதற்கென்று தனிப் பக்கம் இருப்பது பெரிய தெம்பு.

எனக்குத் தீராத எரிச்சல் ஒன்று உண்டு. வாட்ஸ்அப்பில் வருகிற ‘புரோட்டோகால்’ படங்கள்! யார் எழுதியது, எந்த ஆண்டு, எதுவும் இருக்காது. நகலுக்கு நகல் எடுத்து தசமப் புள்ளியே மங்கிப்போன தாளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் புள்ளிக்கு ஓர் உயிர் விலை. எவிக்யூவில் ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் உண்டு, பதிப்பு உண்டு, எந்தத் தேதியில் எதை மாற்றினார்கள் என்ற வரலாறு உண்டு. கைவிட்ட சிகிச்சைகளையும் ‘இது கைவிடப்பட்டது’ என்று முத்திரையிட்டு வைத்திருக்கிறார்கள். இந்த நேர்மைக்காகவே அதன்மேல் எனக்குப் பற்று வந்துவிட்டது.

ஆனால் அது ஆஸ்திரேலியர்களுக்காக எழுதியது. மருந்துக்கு அங்கே அரசு மானியம் உண்டா என்று சொல்லும் வரி பினாங்கில் பயன்படாது. நாம் சுகாதார அமைச்சின் மருந்துப் பட்டியலான நீலப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும், அமைச்சின் வழிகாட்டியைப் பார்க்க வேண்டும், மருத்துவரின் சொல்தான் கடைசி. தாதி இதைப் பார்த்து மருந்தளவை மாற்றக்கூடாது. நோயாளித் தாள் ஆங்கிலத்தில் இருப்பதுதான் எனக்குப் பெருங்குறை. அக்கா தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர்.

அதனால் ஒரு ஞாயிறு அவர் வீட்டுக் குதிரைக் காலண்டரைக் கழற்றி மேசையில் போட்டுக்கொண்டோம். ஊசி போட்ட நாளுக்குச் சிவப்பு வட்டம். அடுத்த வாரக் கட்டங்களில் ‘வெள்ளையணு குறையும்’ என்று எழுதப் போனேன். அக்கா பேனாவைப் பிடித்துக்கொண்டார். “அணுவெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன பாக்கணும், அத எழுது.” ‘காய்ச்சல் 38 வந்தால் உடனே ஆஸ்பத்திரி, நடுராத்திரி ஆனாலும்’ என்று எழுதினேன். பக்கத்தில் என் நம்பர். பதினைந்தாம் நாளிலிருந்து ‘முடி’. அதைப் பார்த்துவிட்டு, பன்னிரண்டாம் நாளே முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னார். சலூன்காரரிடம் அவரே பேசி நாள் குறித்தார்.

நாலாவது காலம்தான் எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை. ஆண்டுகள் கழித்து மூச்சு வாங்கினாலோ கால் வீங்கினாலோ எந்த மருத்துவரிடம் போனாலும் ‘எனக்கு டாக்ஸோரூபிசின் கொடுத்தார்கள்’ என்று சொல்ல வேண்டும். மருந்தின் பெயரைத் தமிழில் பெரிதாக, காலண்டரின் பின்பக்கத்தில் எழுதினேன். டிசம்பர் முடிந்ததும் காலண்டரைக் குப்பையில் போட்டுவிடுவாரே என்று தோன்றியது. அந்தத் தாளை மட்டும் கிழித்து, அவருடைய ஐசி (அடையாள) அட்டை இருக்கும் பையில் வைத்துவிட்டு வந்தேன்.