எப்போதாவது

மத்திய அரசு வேலைக்குத் தேர்வானவர்கள் பணியில் சேரும் முன் அட்டெஸ்டேஷன் ஃபாரம் என்ற படிவத்தை நிரப்பித் தரவேண்டும். அதை வைத்துத்தான் போலீஸ் விசாரணை நடக்கும். கூத்தாநல்லூரில் பக்கத்து வீட்டுத் தம்பிக்காக உட்கார்ந்தபோதுதான் முழுசாகப் படித்தேன். ஒரு மனிதனைப் பற்றி இவ்வளவு இறுக்கமாக எழுதப்பட்ட பிரதி குறைவு.

கடந்த 5 ஆண்டுகளில் ஓராண்டுக்கு மேல் எங்கெல்லாம் தங்கினாய்? பெற்றோர், உடன்பிறந்தவர்களின் தொழில் என்ன, இப்போதைய முகவரி என்ன? படிவத்தின் கற்பனையில் குடும்பம் ஒரே கூரையின் கீழ் இருக்கிறது. எங்க ஊரில் அப்பா என்றாலே பாதி ஆயுளுக்கு வளைகுடாவில் ஒரு தபால்பெட்டி எண். "தெருப் பேர் கேக்குதுண்ணே, அத்தா ரூம் நம்பர்தானே சொல்லுவாங்க" என்றான்.

அடுத்து அந்தக் கேள்வி. எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா, காவலில் வைக்கப்பட்டதுண்டா? 'எப்போதாவது' என்ற சொல்லுக்குக் காலாவதி தேதி கிடையாது. (நான் அப்படி ஒரு ப்ரோகிராம் எழுதினால் ரிவ்யூவில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.) காலேஜ் படிக்கும்போது ஹைட்ரோகார்பன் எதிர்ப்புக் கூட்டத்தில் இவனை வேனில் ஏற்றி, கல்யாண மண்டபத்தில் வைத்து, சாயங்காலம் விட்டிருக்கிறார்கள். கேஸ் போட்டார்களா என்றுகூட இவனுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட போராட்ட வழக்குகளை வாபஸ் வாங்குவதாக 2021-இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வழக்கு போனாலும் அந்தச் சாயங்காலம் நடந்ததுதானே. அவதார் சிங் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம், இளவயதில் கோஷம் போட்டது போன்ற சின்ன விஷயத்தை மறைத்திருந்தால் வேலை தருபவர் பெரிதுபடுத்தாமல் விடலாம் என்றது. விடலாம், அவ்வளவுதான்.

ஆனால் நாம் நிரப்புவது முன்னுரை மட்டுமே. உண்மையான பிரதி போலீஸ் எழுதும் அறிக்கை. யாரைப் பற்றியதோ அவர் கண்ணில் அது படாது. அப்படி ஒன்று வெளிச்சத்துக்கு வந்தது ராமசங்கர் ரகுவன்ஷி வழக்கில். ஆர்எஸ்எஸ், ஜனசங்க நடவடிக்கைகளில் இருந்தவர் என்ற போலீஸ் அறிக்கையை வைத்து மத்தியப் பிரதேச அரசு அந்த ஆசிரியரை நீக்கியது. 1983-இல் நீதிபதி சின்னப்ப ரெட்டி, அமெரிக்காவின் மெக்கார்த்தி காலத்து வேட்டையை நினைவூட்டி, ஆசிரியர் பக்கம் தீர்ப்பளித்தார். அரசியல் நம்பிக்கையைத் துப்பறிந்து வேலையைப் பறிப்பது அரசியல் சட்டத்துக்கே விரோதம் என்பது அவர் வாதம். இந்தப் படிவத்துக்கு அதைவிட நல்ல விமர்சனத்தை நான் படித்ததில்லை. ஒரு ஆர்எஸ்எஸ்காரருக்காக எழுதப்பட்டது எங்க ஊர்த் தம்பிக்கும் சேர்த்துத்தான்.

சேர்த்துத்தானா? அரசு ஊழியர்கள் சேரக்கூடாதவை என்று 1966-இல் மத்திய அரசு ஆர்எஸ்எஸ்ஸையும் ஜமாஅத்தே இஸ்லாமியையும் ஒன்றாகச் சொன்னது. 2024 ஜூலையில் வந்த உத்தரவு ஆர்எஸ்எஸ் பெயரை மட்டும் எடுத்தது.

கடைசியாக, அவனை அறிந்த பொறுப்புள்ள இருவர் பெயர். "ஜமாஅத் தலைவரைப் போடவாண்ணே?" என்றான். எங்க ஊரில் ஜமாஅத் என்றால் பள்ளிவாசல் நிர்வாகம். கல்யாணப் பதிவேடும் பங்காளிச் சண்டைப் பஞ்சாயத்தும் அங்கேதான். அவனைப் பிறந்ததிலிருந்து அறிந்தவர் அவர். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ரிட்டையர்டு தலைமையாசிரியர் பெயரை எழுதினோம். அந்த மண்டபத்துச் சாயங்காலத்துக்கு 'ஆம்' போட்டான். விவரம் எழுத விட்டிருந்தது ஒன்றரை வரி.