மெட்பார்மின் பகுப்பாய்வில் அயனி இணைக் காரணித் தேர்வு: ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

நீர்ம வண்ணப்பிரிகையில் சேர்க்கப்படும் அயனி இணைக் காரணி, பொருளைப் பிரிக்க உதவுவதோடு குறைந்த அலைநீளப் புறஊதா ஒளிக்குத் தடையாகாமலும் இருத்தல் வேண்டும். மெட்பார்மினுக்கான முறைகளை ஒப்பிட்டு, காரணித் தேர்வுக்குரிய காரணத்தை எழுதாது விடும் வழக்கத்தை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

முன்னுரை

வண்ணப்பிரிகை என்னும் பெயர், மிக்கைல் சுவெட் தாவர நிறமிகளைப் பிரித்த ஆய்வினின்று பிறந்தது. இன்று பகுக்கப்படும் மருந்துகளுள் பல நிறமற்றவை. அவை புறஊதா ஒளியை உட்கவரும் அளவைக் கொண்டே அறியப்படுகின்றன. ஏறத்தாழ 220 நானோமீட்டருக்குக் கீழே, மருந்து மட்டுமன்றிக் கரைப்பானும் காரணியும்கூட ஒளியை உட்கவரக்கூடும். எனவே அங்குக் காரணியின் முதற்பண்பு, உணர்கருவிக்குப் புலப்படாமை ஆகும்.

காரணி தேவைப்படும் இடம்

நீரிழிவு மருந்தான மெட்பார்மின் வலிமையான காரம். பகுப்பாய்வுச் சூழலில் நேர்மின்சுமை தாங்கி நிற்பதால், வழக்கமான பதினெட்டுக் கரியணுச் சங்கிலிப் பிரிகைக்குழாயில் அது தங்காது. இந்திய மருந்துத் தரநூலின் முந்தைய பதிப்புகளில் மாத்திரைக் கரைசல் பிரிக்கப்படாமல் 232 நானோமீட்டரில் நேரடியாக அளக்கப்பட்டது. அமெரிக்கத் தரநூலின் மாத்திரை முறையோ சோடியம் ஹெப்டேன்சல்போனேட்டைச் சேர்த்து, மருந்தைக் குழாயில் தங்கவைத்து, 218 நானோமீட்டரில் அளக்கிறது. அல்கைல் சல்போனேட்டு இவ்வலைநீளத்தில் ஒளியை உட்கவராமையால் இத்தேர்வு பொருத்தமானதே.

அதற்கு மாற்றாக ட்ரைபுளூரோஅசிட்டிக் அமிலத்தைக் கொண்டால் நிலை வேறு. அது எளிதில் ஆவியாவதால் நிறைநிறமாலைக்கு ஏற்றது. எனினும் 210 நானோமீட்டரை நெருங்கும்போது தானே ஒளியை உட்கவர்ந்து அடிக்கோட்டை உயர்த்தும். அமில மருந்துகளுக்குப் பயன்படும் டெட்ராபியூட்டைல் அம்மோனியம் உப்புகளில் எதிரயனியையும் நோக்க வேண்டும். புரோமைடும் அயோடைடும் குறைந்த அலைநீள ஒளியை உட்கவர்வன. ஹைட்ரஜன் சல்பேட்டும் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டும் அவ்வாறு இடர் தருவதில்லை. 'டெட்ராபியூட்டைல் அம்மோனியம் சேர்க்கப்பட்டது' என்று மட்டும் எழுதும் கட்டுரை, தேவையான செய்தியில் பாதியை மறைத்துவிடுகிறது.

முறையின் எல்லை

ஹெப்டேன்சல்போனேட்டும் குறையற்றதன்று. பிரிகைக்குழாய் அதனுடன் சமநிலை எய்த நெடுநேரமாகும். ஒருமுறை பயன்படுத்திய குழாயிலிருந்து அதை முற்றிலும் அகற்றுவது அரிது. மெட்பார்மினின் மாசாகிய சயனோகுவானிடின் மின்சுமையற்றது. ஆதலின் அதனைத் தங்கவைக்க இக்காரணி உதவாது. ஐரோப்பியத் தரநூல் மாசுகளைக் கண்டறிய நேரயனிப் பரிமாற்றக் குழாயையும் அம்மோனியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டுக் கரைசலையும் கொண்டு, அதே 218 நானோமீட்டரில் அளக்கிறது. அயனி இணைக் காரணி அங்கு இல்லை. ஆகவே நேர்மின்சுமையுள்ள மருந்து என்பது மட்டுமே அக்காரணியைச் சேர்ப்பதற்குப் போதிய காரணமாகாது.

முடிவுரை

பிறர் முறையை அப்படியே பின்பற்றும் ஆய்வாளர், மருந்து மாறும்போது காரணியின் பொருத்தமும் மாறுவதைக் காணத் தவறுகிறார். காரணியின் உச்சத்தையோ அதன் மாசையோ மருந்தின் மாசாகக் கணக்கிடும் பிழை இதனால் நேரலாம். ஆகவே முறையை விளக்கும் கட்டுரைகள் மூன்றினைத் தெளிவுறுத்த வேண்டும்: தேர்ந்த அலைநீளத்தில் காரணியின் உட்கவர்திறன், அதன் எதிரயனியும் தூய்மையும், காரணியின்றிப் பிரிக்க முயன்றதன் விளைவு. மருந்து சேர்க்காத நகரும் நிலைமையை மட்டும் செலுத்திப் பெறும் வரைபடம் இம்மூன்றுக்கும் முன்னதாக இடம்பெறுதல் நன்று.