பேரரசுகளின் மிகைவிரிவு: போல் கென்னடியின் நூல் பற்றிய ஒரு நோக்கு

வல்லரசுகள் எழுவதும் வீழ்வதும் எதனால் என்னும் வினாவுக்குப் பொருளாதார அடிப்படையில் விடைகாண முயன்ற நூல்களுள், 1987ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளிவந்த போல் கென்னடியின் 'வல்லரசுகளின் எழுச்சியும் வீழ்ச்சியும்' முக்கியமானதாகும். வல்லரசுகளுக்கிடையே மீண்டும் போர் மூளுமோ என்னும் அச்சம் வலுத்துவரும் இந்நாளில் அதனை மீண்டும் வாசித்தல் பயனுடையது.

நூலின் மையக் கருத்து எளிமையானது. ஒரு நாட்டின் படைவலிமை, நீண்டகால நோக்கில், அதன் உற்பத்தி வலிமையைச் சார்ந்தே நிற்கும். உற்பத்தியில் முந்தி நிற்கும் நாடு தொலைதூரங்களில் தளங்களையும் பொறுப்புகளையும் ஏற்கின்றது. பிற நாடுகள் வளர, உலகப் பொருளாதாரத்தில் அதன் பங்கு சுருங்குகின்றது. ஏற்ற பொறுப்புகளோ சுருங்குவதில்லை. இந்த இடைவெளியையே கென்னடி பேரரசின் மிகைவிரிவு என்கிறார். ஹப்ஸ்பேர்க் மன்னரின் ஸ்பெயினும் பின்னர் பிரித்தானியாவும் அவர் தரும் சான்றுகள். வலியை அளந்தறிந்தே வினையில் இறங்கவேண்டும் என்பது திருக்குறளின் வலியறிதல் அதிகாரத்தைக் கற்றோர்க்குப் புதிதன்று. அவ்வாறு அளந்த வலியும் காலப்போக்கில் மாறிவிடும் என்பதை ஐந்து நூற்றாண்டு வரலாற்றினூடாக நிறுவியமையே கென்னடியின் பங்களிப்பு எனலாம்.

யப்பானின் எழுச்சியை அவர் மிகைப்படக் கணித்தார். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்துபோகும் என எதிர்பார்த்தாரல்லர். இவற்றைக் கொண்டு நூலை எள்ளுவது எளிது, நேர்மையன்று. சீனாவின் வளர்ச்சியை அவர் காணத் தவறவில்லை. நூலின் உண்மையான குறை அதன் நோக்குநிலையிலேயே உள்ளது. வரலாறு இங்கே தலைநகரங்களிலிருந்து நோக்கப்படுகின்றது.

1930களில் பிரித்தானியா எதிர்நோக்கிய இக்கட்டைக் கென்னடி நன்கு விளக்குகின்றார். ஆயினும் அது இலண்டனின் இக்கட்டாகவே எழுதப்படுகின்றது. சிங்கப்பூரில் பெரும் கடற்படைத் தளம் அமைக்கப்பட்டது. அதில் நிற்பதற்குரிய கப்பற்படை இருக்கவில்லை. போர் வந்தால் ஐரோப்பியக் கடல்களிலிருந்து அது அனுப்பப்படும் என்பதே உறுதிமொழி. போர் வந்தபோது அக்கப்பல்கள் அத்திலாந்திக்கிலும் மத்தியதரைக் கடலிலும் கட்டுண்டு கிடந்தன. அனுப்பப்பட்ட இரு பெருங்கப்பல்களும் 1941 டிசம்பர் 10ஆம் திகதி யப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டன. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது. ஏப்ரல் 5இல் கொழும்பும் 9இல் திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு இலக்காயின. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. பிரித்தானியக் கீழைக் கப்பற்படையின் ஒரு பகுதி கிழக்காபிரிக்கக் கரைக்குப் பின்வாங்கிற்று. கப்பல்கள் பின்வாங்கலாம், துறைமுகத்தை அடுத்து வாழும் மக்கள் எங்கே பின்வாங்குவர்? அந்தப் போரில் ஈடுபடுவதா என்று அவர்களை எவரும் கேட்டதுமில்லை.

மிகைவிரிவின் விலை முதலில் அறவிடப்படுவது தலைநகரிலன்று, எல்லையிலே என்பது இதனாற் பெறப்படும். நிறைவேற்றும் வலிமையற்ற உறுதிமொழி, உறுதிமொழியே இல்லாமையினும் ஆபத்தானது. காக்கப்படுவோர் அதனை நம்பித் தம் ஏற்பாடுகளைக் கைவிடுவர்; எதிரியோ அதன் வெறுமையை அறிந்து துணிவான். இவ்விரு மதிப்பீடுகளும் மோதுமிடத்திலேயே போர் பிறக்கின்றது.

இன்று ஐக்கிய அமெரிக்கா ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் கிழக்காசியாவிலும் ஒருங்கே பொறுப்புகளைச் சுமக்கின்றது. 1979ஆம் ஆண்டின் சட்டம் தாய்வானுக்குத் தற்காப்பு ஆயுதம் வழங்க வகைசெய்கின்றது. போரில் இறங்குவதாக உறுதி கூறவில்லை. இந்தத் தெளிவின்மை போரைத் தடுக்கும் என்பது ஒரு சாராரின் வாதம். இரு தரப்பினரும் அணுவாயுதம் உடையோராயிருக்கையில், அக்கணிப்பு ஒருமுறை பிழைத்தாலும் திருத்திக்கொள்ள வாய்ப்பில்லை.

கென்னடியின் கணக்குப் பிழையன்று, முழுமையற்றது. வல்லரசின் வரவு செலவை அவர் எழுதினார். அதன் தளங்கள் அமைந்த கரைகளில் வாழ்வோரின் இழப்பை எழுதும் பணி எஞ்சியுள்ளது. திருகோணமலையைக் கொண்ட இந்நாட்டின் வரலாற்று மாணவர் அப்பணியைப் பிறரிடம் விட்டுவிடுதல் தகாது.