பகடை உருளும் முன்பே

பகடை என்றால் எங்கள் பக்கத்தில் இரண்டு பொருள். ஒன்று, உருட்டுகிற பகடை. இன்னொன்று, அருந்ததியர் சனத்தை ஊர் கூப்பிட்டு வந்த பேர். முதல் பகடையில் ஒன்று விழுமா ஆறு விழுமா என்பது உருட்டினால்தான் தெரியும். இரண்டாவதை உருட்டவே வேண்டாம், பிறக்கும்போதே விழுந்தாச்சு. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்கிற அமெரிக்க ஆட்டத்தின் விதிப் புத்தகங்களை வாசித்தேன்.

ஆனைக்குட்டத்துக்காரிக்கு இது எதுக்கு என்று கேட்பார்கள். என் அக்கா மகள் சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். சனிக்கிழமை ராத்திரி நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து இதை ஆடுகிறார்கள். நம்ம பிள்ளை போய் உட்காருகிற மேசைக்கு என்ன சட்டம் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

ஆட்டம் இதுதான். ஒவ்வொருவரும் ஒரு வேடம் எடுக்க வேண்டும்: வீரன், மந்திரவாதி, திருடன். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் 'நான் இதைச் செய்கிறேன்' என்று வாயால் சொல்லுவார்கள். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 1974இல் வெளியிட்டது. கூத்துக்கு ஒப்பனையும் திரையும் வேண்டும். இதற்குத் தாளும் பென்சிலும் போதும். யாரும் யாராகவும் ஆகலாம் என்பதுதான் இதன் பெருமை.

அந்தப் பெருமையைப் புத்தகத்திலேயே சோதித்துப் பார்ப்போம். 1978இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் பலத்துக்கு ஓர் அட்டவணை. சண்டைக்கார மனுசனுக்குப் பலம் 18 விழுந்தால், அதற்கு மேல் நூறுக்குள் இன்னொரு எண்ணும் உருட்டலாம். ஆணுக்கு அது 100 வரை போகும். பெண்ணுக்கு 50தான் எல்லை. ஹாஃப்லிங் என்ற குட்டை இனத்தில் ஆணுக்கு 17, பெண்ணுக்கு 14. டிராகன் பறக்கலாம், செத்தவன் எழுந்து நடக்கலாம், அதையெல்லாம் கற்பனை ஏற்றுக்கொண்டது. பெண்ணின் கைப்பலத்தைக் கற்பனை செய்ய மட்டும் அவர்களுக்குத் துணிச்சல் வரவில்லை.

இந்த அட்டவணை எனக்குப் புதுசு இல்லை. சின்ன வயசில் நான் சரவெடி பின்னியிருக்கிறேன். மருந்து கலக்குவது ஆம்பளை வேலை, சரம் பின்னுவதும் திரி வைப்பதும் பெட்டி ஒட்டுவதும் பொம்பளை வேலை, கூலியும் அதற்குத் தக்கபடி என்று சொல்லாமலே பிரிந்து கிடந்தது. கேட்டால் 'பொம்பளைக்குப் பலம் பத்தாது' என்பார்கள். தண்ணிக் குடம் ரெண்டை இடுப்பிலும் தலையிலும் ஏற்றிக்கொண்டு வேலைக்கு வந்தவளுக்குத்தான் இந்தப் பதில்! பலம் உடம்பில் குறையவில்லை. குறைத்து எழுதினவன் கையில் இருந்தது கணக்கு நோட்டு.

1979இல் வந்த நடத்துநர் கையேட்டில் நகரத்துத் தெருவில் யார் எதிர்ப்படுவார் என்பதற்குப் பகடை உருட்டச் சொல்கிறார்கள். அதில் பாலியல் தொழில் செய்வோருக்கு மட்டும் தனி அட்டவணை, பன்னிரண்டு வகை. பத்து வகை பெண்கள், மலிவு தொடங்கி விலை உயர்ந்தவள் வரை. மீதி ரெண்டும் தரகு பார்க்கிற ஆண்கள். எதிர்ப்படுகிறவளுக்கு வசவுப் பேர் உண்டு, கதை கிடையாது. அதே புத்தகத்தில் மந்திர இடுப்புக்கச்சை ஒன்றும் வருகிறது. கட்டினால் ஆண் பெண்ணாவான், பெண் ஆணாவாள். பத்தில் ஒரு கச்சை பால் அடையாளத்தையே அழித்துவிடும். இது சாபப் பொருள்களில் சேர்த்தி. பால் மாறுவது தண்டனை என்பதே விதி.

எங்கள் ஊர் நீர்த்தேக்கத்துக்குத் தண்ணி கொண்டு வருவது அர்ச்சுனா நதி. அந்தப் பேருக்குரிய அர்ச்சுனனும் ஊர்வசி சாபத்தால் பிருகன்னளையாகி விராடன் அரண்மனையில் ஒரு வருசம் நாட்டியம் சொல்லிக்கொடுத்தவன்தான். ஆகவே சாபம் என்று எழுதியதில் அமெரிக்காக்காரனை மட்டும் குறை சொல்ல முடியாது. பாரதமும் அப்படியே எழுதியது. அந்தப் பாரதத்து அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு கூவாகத்தில் சித்திரை மாதம் கூடுகிற திருநங்கைகள்தான், சாபம் என்று சொல்லப்பட்டதைத் தங்கள் வாழ்க்கை என்று உரக்கச் சொன்னவர்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், ஆட்டம் மாறியது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் பெண்ணின் பல வரம்பு போய்விட்டது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு, பாத்திரம் ஆண் பெண் என்ற இரண்டுக்குள் அடங்க வேண்டியதில்லை என்று வெளிப்படையாக எழுதியது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, அதே 2014 ஏப்ரலில், நம் உச்சநீதிமன்றமும் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்துத் தீர்ப்புச் சொன்னது. நல்லது, வரவேற்போம்.

ஆனால் பிறப்பு? ஆட்டத்தில் 'இனம்' என்று ஒன்று இருந்தது. மனிதர், எல்ஃப், குள்ளர், ஆர்க். ஆர்க் என்றால் முரட்டுக் கூட்டம், வெட்டித் தள்ளப் படைக்கப்பட்டவர்கள். 2016இல் வந்த புத்தகம் ஒன்றில்கூட ஆர்க்காகப் பிறந்தால் புத்தியில் இரண்டு கழித்தல். அந்தக் கழித்தலை 2020இல்தான் எடுத்தார்கள். 2024 பதிப்பில்தான் 'இனம்' என்ற சொல்லையே மாற்றி உயிர்வகை என்று பொருள்படும் வேறு சொல் போட்டார்கள். பெண்ணின் பலத்துக்குப் போட்ட பூட்டு 1989இல் திறந்தது. பிறப்பின் புத்திக்குப் போட்ட பூட்டு திறக்க இன்னும் முப்பத்தொரு வருசம் ஆனது. சேரியில் பிறந்த பெண்ணுக்கு ஒரு பூட்டு திறந்து என்ன பிரயோசனம்? ஆர்க் பெண்ணுக்கும் அதே கதிதான்.

இரண்டும் வேறு வேறு பூட்டு என்று நினைப்பதே தப்பு. 1978 புத்தகத்தில் 'பாதி ஆர்க்' என்று ஓர் இனம் உண்டு, கலப்பில் பிறந்த பிள்ளை. யாரோடு யார் படுத்தார் என்பதை வைத்தே தனி இனம் போட்டாச்சு. மனு பத்தாம் அத்தியாயத்தில் செய்த வேலை இதுதானே? சூத்திர ஆணுக்கும் பார்ப்பனப் பெண்ணுக்கும் பிறந்தவர் சண்டாளர் என்று. அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையில் சொன்னதும் இதைத்தான்: சாதி நிற்பது அகமண முறையின் மேல். அதைக் காப்பாற்றத்தான் உடன்கட்டையும் விதவைக் கொடுமையும் குழந்தை மணமும். பெண்ணின் உடம்பைப் பூட்டாமல் பிறப்பைப் பூட்ட முடியாது.

2014 தீர்ப்பிலும் இந்தச் சிக்கல் உண்டு. திருநர்களைச் சமூக, கல்வி ரீதியாகப் பிற்படுத்தப்பட்டவர்களாகக் கருதி இடஒதுக்கீடு கொடுக்கச் சொன்னது. அப்படியானால் தலித்தாகப் பிறந்த திருநங்கை எங்கே நிற்பாள்? அதனால்தான் கிரேஸ் பானு போன்ற தலித் திருநர் தோழர்கள் ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் கிடைமட்ட இடஒதுக்கீடு கேட்டுப் போராடுகிறார்கள்.

'சும்மா கற்பனைதானே, இதுல போய் சாதியா?' என்று படித்த நண்பர் ஒருவர் சிரித்தார். என் அக்கா மகள் அந்த மேசையில் ஆர்க் பெண்ணாகத்தான் ஆடினாள். "சித்தி, மூணு மணி நேரம் நான் யாருக்கும் பயப்படலை. சத்தமா பேசினேன், கோட்டைக் கதவை உடைச்சேன்" என்றாள். அந்தச் சந்தோசம் பொய் இல்லை, அதை யாரும் பறிக்கக் கூடாது. ஆட்டம் முடிஞ்சு டீ குடிக்கும்போது ஒருத்தன் கேட்டானாம்: "சிவகாசிப் பக்கம்னா எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?" விதிப் புத்தகத்தில் அட்டவணையை அழித்தாலும் உட்கார்ந்திருக்கிறவன் மண்டையில் அட்டவணை அழியவில்லை.

இப்போது அவள் தானே ஓர் ஆட்டம் எழுதுகிறாள், எங்கள் நீர்த்தேக்கக் கரையில் நடக்கிற மாதிரி. சாதியே இல்லாத உலகம் என்று வைக்கவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அது நம்ம ஊர்க் கதையாகாது. சாதியை வை, ஆம்பளை அதிகாரத்தையும் வை, ஆனால் அந்த எண்ணை மனுசி உடம்பில் எழுதாதே. தெருவில் எழுது, கிணத்தில் எழுது, கூலி நோட்டில் எழுது. இந்தத் தெரு வழியாகப் போனால் இத்தனை அடி விழும், இந்த அறையில் வேலை செய்தால் கூலியில் இத்தனை பிடித்தம் என்று. உடம்பில் எழுதினால் அது விதி. தெருவில் எழுதினால் நாலு பேர் சேர்ந்து மாற்றலாம்.

நம் திண்ணையில் ஆடுகிற தாயத்தில் காய்க்கு ஆண் பெண் கிடையாது, பிறப்பும் கிடையாது. புளியங்கொட்டையும் காய்தான், உடைந்த வளையலும் காய்தான். தாயம் விழுந்தால் எல்லாமே கட்டத்துக்குள் இறங்கலாம். அங்கிருந்து தொடங்கு என்றேன். முதல் அத்தியாயம் எழுதிவிட்டாள். ஆடிப் பார்க்க ஆள் வேண்டும். படிக்கிற பிள்ளைகள் எழுதுங்கள்.