பொழுதும் அலைவரிசையும்: 1951இன் பிரித்தானிய வானொலி நாள் குறித்த ஒரு மதிப்பீடு

திறவுச்சொற்கள்: வானொலி, நிகழ்ச்சி நிரல், பொழுது, கேட்போர், பி.பி.சி.

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரித்தானிய வானொலியில் ஒலித்தவற்றுள் பெரும்பகுதி காற்றோடு கலந்துவிட்டது. நேரடியாக ஒலிபரப்பாகிய நிகழ்ச்சிகளே மிகுதி; பதிவாகியவற்றுள்ளும் பாதுகாக்கப்பட்டவை சிலவே. ஆய்வாளர் கைக்கு முழுமையாக எட்டுவது, 1923 முதல் வெளிவந்த ‘ரேடியோ டைம்ஸ்’ இதழின் நிகழ்ச்சி நிரல். காலை வழிபாடு, தொழிற்சாலைக்கான இசை, மகளிர் நிகழ்ச்சி, குழந்தைக் கதை, உழவர் குடும்ப நாடகம், சிம்பொனி, கவிதை வாசிப்பு என ஒரே நாளில் விரியும் அந்நிரலைப் பன்முகம் கொண்ட மக்கள் ஊடகத்தின் சான்றாகக் கொள்வோர் பலர். அம்முடிவு பாதியளவே பொருந்தும். நிரலில் இருந்த பன்மை, கேட்போர் ஒருவரின் நாளிலும் இருந்ததா என்பது தனி வினா. 1951ஆம் ஆண்டு வாரநாளின் அமைப்பு அவ்வினாவுக்கு விடைதேட ஏற்ற களமாகும்.

பொழுதும் கேட்போரும்

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் எனக் கொள்ளும். வானொலி நிலத்தின் தொலைவை அழித்தது. லண்டனில் பேசிய குரல் கார்ன்வாலின் மீனவர் வீட்டிலும் யார்க்‌ஷயரின் சுரங்கத் தொழிலாளர் வீட்டிலும் ஒருங்கே கேட்டது. நிலம் விலகியதும் அதன் சுமை முழுவதும் பொழுதின்மேல் இறங்கியது. அகப்பாடலில் மாலை என்றதும் முல்லை நினைவுக்கு வருவதுபோல, லைட் புரோகிராமில் காலை ஒன்பது மணி கடந்தால் இல்லத்தரசி. 1946இல் தொடங்கிய ‘ஹவுஸ்வைவ்ஸ் சாய்ஸ்’ அவர்கள் எழுதிக் கேட்ட பாடல்களை அந்நேரத்தில் ஒலிபரப்பியது.

தொழிலாளர்க்குரிய பொழுது ‘மியூசிக் வைல் யூ வொர்க்’. 1940இல் போர்க்காலத் தொழிற்சாலைகளின் உற்பத்தியைக் கருதித் தோன்றிய இந்நிகழ்ச்சி போர் முடிந்த பின்னும் நீடித்தது. அதன் இசைத்தேர்வு விதிகள் கண்டிப்பானவை. தாளம் சீராக ஓடவேண்டும்; மந்தமான மெட்டுக்கு இடமில்லை. ‘டீப் இன் த ஹார்ட் ஆஃப் டெக்சஸ்’ பாடல் விலக்கப்பட்டதன் காரணம் சுவையானது. அதில் கைதட்டும் இடம் வரும்போது தொழிலாளர்கள் கருவிகளை எடுத்துத் தட்டத் தொடங்கிவிடுவர்! கேட்போர் இசையில் ஈடுபட்டால் நிகழ்ச்சியின் நோக்கம் கெடும் என்ற நிலை, ஒலிபரப்பு வரலாற்றின் அரிய முரண்களுள் ஒன்று.

பிற்பகலின் அடுக்கு இன்னும் நுட்பமானது. 1950 ஜனவரியில் தொடங்கிய ‘லிசன் வித் மதர்’ 1.45 மணிக்குக் குழந்தைக்குக் கால்மணி நேரம் கதையும் பாட்டும் தந்தது. இரண்டு மணிக்கு ‘உமன்ஸ் அவர்’. தாய் மடியில் கதை கேட்ட குழந்தை உறங்கும். தாய்க்கு ஒருமணி நேரம் வாய்க்கும். ஒரு குடும்பம் எவ்வாறு இயங்கவேண்டும் என்ற கருத்தை எந்தச் சொற்பொழிவும் இன்றி இரு நிகழ்ச்சிகளின் வரிசையே உரைத்துவிடுகிறது. 1946இல் பெண்ணுக்கென ஒதுக்கப்பட்ட அம்மணிநேரத்தை முதலில் தொகுத்து வழங்கியவர் ஆலன் ஐவிமே என்னும் ஆண் என்பதும் இங்கு நோக்கத்தக்கது.

மாலை ஐந்து மணிக்கு ஹோம் சர்வீஸில் சிறுவர் நேரம். ஒன்பதுக்கு பிக் பென் மணியோசையும் செய்தியும்.

படிநிலைக் கோட்பாடு

ஹோம் சர்வீஸ் 1939இல் தொடங்கியது. லைட் புரோகிராம் 1945இலும் தேர்ட் புரோகிராம் 1946இலும் உடன் சேர்ந்தன. இம்மூன்றையும் தலைமை இயக்குநர் வில்லியம் ஹேலி ஒரு கூர்நுனிக் கோபுரமாகக் கண்டார். அடித்தட்டில் லைட், நடுவில் ஹோம், உச்சியில் தேர்ட். கேட்போர் காலப்போக்கில் படிப்படியாக மேலேறுவர் என்பது அவர் எதிர்பார்ப்பு. நிகழ்ச்சி நிரலே அதற்குத் தடையாக நின்றது. தேர்ட் தொடங்கியபோது அதன் ஒலிபரப்பு மாலை ஆறுமுதல் நள்ளிரவுவரை மட்டுமே. பகலில் வானொலியோடு வாழ்ந்தவர்க்கு உச்சிப்படி கேட்கும் தொலைவிலேயே இல்லை. இரவிலோ லைட் தன் கேட்போரை விட்டுவிடவில்லை. குமிழைத் திருகத் தேவையின்றி அடுத்தடுத்து இன்பம் வழங்கியது. 1947 பிப்ரவரியின் நிலக்கரித் தட்டுப்பாட்டில் தேர்ட் புரோகிராம் நிறுத்திவைக்கப்பட்டதும் உச்சியின் உண்மை மதிப்பைச் சற்றே காட்டுகிறது.

போருக்கு முந்தைய கலப்பு நிரல் இதனினும் மேலானது எனச் சிலர் கருதுவர். நடன இசைக்காகக் காத்திருந்தவர் காதில் அறிவியல் உரை தற்செயலாக விழும் வாய்ப்பு அங்கே இருந்தது. ஆயினும் ஜான் ரீத்தின் கண்டிப்பான ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்போர் பெருந்திரளாக ரேடியோ லக்சம்பர்க்கை நாடினர் என்பதை மறத்தலாகாது. திணிக்கப்பட்ட பன்மைக்குக் குமிழே அவர்கள் தந்த விடை.

ஹேலியின் கோபுரத்துக்கு வலுவான மறுப்பு அதன் அடித்தட்டிலிருந்தே எழுந்தது. ‘தி ஆர்ச்சர்ஸ்’ 1951 ஜனவரி 1 முதல் லைட் புரோகிராமில் நாடெங்கும் ஒலித்தது. உணவுப் பங்கீடு நீடித்த காலம் அது, 1954இல்தான் முடிவுற்றது. வேளாண் அமைச்சகத்தின் ஆலோசனையோடு, உழவர்க்குரிய புதுமுறைச் செய்திகளைக் குடும்பக் கதைக்குள் இழைத்துத் தந்தார் காட்ஃப்ரி பேஸ்லி. உழவர் விளைச்சலை அறிந்தனர். நகரத்தார் தம் தட்டுக்கு வரும் உணவின் பாட்டை அறிந்தனர். எவரும் படியேறவில்லை. 1955 செப்டம்பர் 22 இரவு கிரேஸ் ஆர்ச்சர் என்ற பாத்திரம் இறந்தபோது நாடு துயருற்றது. அதே இரவில் தொடங்கிய வணிகத் தொலைக்காட்சி மறுநாள் பேச்சில் பின்தள்ளப்பட்டது. நேர்த்தேர்வில் தந்திரம் இருந்திருக்கலாம். துயரம் உண்மையானது.

தேர்ட் புரோகிராமின் சாதனையைக் குறைத்து மதிப்பிடுவதும் பிழை. டிலன் தாமஸின் ‘அண்டர் மில்க் வுட்’ 1954 ஜனவரி 25 அன்று அங்கேதான் முதலில் ஒலித்தது. வேல்ஸ் நாட்டுக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றின் ஒருநாளைக் குரல்களால் மட்டும் கட்டிய நாடகம் அது. அஞ்சற்காரரும் மதுக்கடைக்காரரும் கண்ணிழந்த முதிய மாலுமியும் அதில் பேசுகின்றனர். அத்தகையோரின் நாளைப் பாடிய படைப்பு முதன்முதல் எட்டியது, மூன்று சேவைகளுள் மிகச்சிறிய அவையை.

சுவர் கசிந்த இடம்

1936 முதல் ராபர்ட் சில்வியின் கேட்போர் ஆய்வுத் துறை எந்நிகழ்ச்சியை எத்தனைபேர் கேட்டனர் என்று கணக்கிட்டுவந்தது. யாருக்கென அமைக்கப்பட்டதை வேறு யார் கேட்டுநின்றார் என்பது அக்கணக்கில் எளிதில் அகப்படாது. மாஸ் அப்சர்வேஷன் இயக்கம் திரட்டிய நாட்குறிப்புகள் போன்ற சான்றுகளை நிரலோடு வைத்துப் படித்தாலன்றி அக்கேள்வி திறக்காது.

கப்பல்களுக்கான வானிலை அறிக்கை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. கடலில் நெடுந்தொலைவு எட்டியது லைட் புரோகிராமின் 1500 மீட்டர் நீளலை. அதனால் கேளிக்கைச் சேவையின் நடுவே அவ்வறிக்கை இடம்பெற்றது. பண்பாட்டுக் கொள்கை எதுவும் அதற்குக் காரணமன்று; அலைநீளமே காரணம். டாகர், ஃபாஸ்ட்நெட், ஹெப்ரிடீஸ் எனக் கடற்பரப்புகளின் பெயரும் காற்றின் வேகமும் வரிசையாக வாசிக்கப்பட்டன. மாலுமிக்கு அவை உயிர்காக்கும் செய்தி. பாத்திரம் கழுவிக்கொண்டே வானொலியை அணைக்காதிருந்த பெண்ணுக்கு, பகல் முழுதும் அவளுக்கென ஒதுக்கிய நிகழ்ச்சிகள் எவையும் சொல்லாத ஒரு கடல்.