டிரைக்கோடெர்மா: மருந்தா, உயிரா?

எங்கள் கல்லூரி மாணவர் ஒருவர் சென்ற மாதம் ஒரு துண்டுப் பிரசுரத்தை என்னிடம் கொண்டுவந்தார். தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டுக்கு அருகே தக்காளியும் நிலக்கடலையும் பயிரிடும் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். 'டிரைக்கோடெர்மா விரிடி' என்னும் நன்மை செய்யும் பூசணத்தைப் பற்றியது அப்பிரசுரம். "சார், இதில் உள்ளபடியே கடலைக்குச் செய்தோம். இருந்தும் வேரழுகல் வந்துவிட்டது. அப்படியானால் இது பொய்யா?" என்று கேட்டார்.

நான் இயற்பியல் கற்பிப்பவன். பயிர் நோய் வல்லுநன் அல்லன். ஆயினும், அறிவியலைப் பற்றிய எழுத்து தன் வாசகனிடம் சரியாகப் பேசுகிறதா என்று கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. அந்த உரிமையில் இப்பிரசுரத்தைச் சற்று ஆராய்வோம்.

முதலில் நிறைகளைச் சொல்லிவிடுகிறேன். தமிழ் எளிமையாக இருக்கிறது. அளவுகள் தெளிவாக உள்ளன: விதை நேர்த்திக்குக் கிலோவுக்கு 4 கிராம், நிலத்தில் இட ஹெக்டேருக்கு 2.5 கிலோவை 50 கிலோ மக்கிய தொழு உரத்துடன் கலக்க வேண்டும். பூசணம் வேலை செய்யும் விதமும் பிழையின்றிக் கூறப்பட்டுள்ளது. 1932-ஆம் ஆண்டில் வைண்ட்லிங் என்னும் ஆய்வாளர், டிரைக்கோடெர்மாவின் இழைகள் மண்ணிலுள்ள வேறு பூசணங்களின் இழைகளைக் கொடிபோல் சுற்றி அழிப்பதை விளக்கினார். எதிரியின் செல் சுவரைக் கரைக்கும் நொதிகளை இது சுரக்கிறது. எதிரிக்கு முந்திக்கொண்டு உணவையும் இடத்தையும் பிடிக்கிறது. செடியின் எதிர்ப்பாற்றலையும் தூண்டுகிறது. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக அறிஞர்கள் இதனை டால்க் தூளில் கலந்து உழவர் கைக்கு எட்டச் செய்தனர். எனவே மாணவரின் கேள்விக்கு ஒரு பாதி விடை: இது பொய் அன்று.

குறை எங்கே? 'எல்லா நோய்களுக்கும் ஏற்ற உயிர் மருந்து' என்று பிரசுரம் சொல்கிறதே, அந்த ஒரு வரியில்தான்!

'எல்லா நோய்களுக்கும்' என்பது முதல் தவறு. நாற்றழுகல், வேரழுகல், வாடல் போன்ற, மண்ணில் வாழும் பூசணங்களால் வரும் நோய்களே இதன் களம். தக்காளியின் இலைச்சுருள் நோயோ வெள்ளை ஈ பரப்பும் வைரசால் வருவது. மண்ணிலிடும் பூசணம் அந்த வைரசைச் சுற்றிப் பிடித்து அழிக்க முடியாது.

'மருந்து' என்பது இரண்டாவது தவறு. ஒரு சிறிய கணக்குப் போடுவோம். இத்தூளில் கிராமுக்குக் குறைந்தது 20 லட்சம் உயிருள்ள வித்துகள் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. 2.5 கிலோவில் 500 கோடி! பெரிய எண்தான். ஆனால் ஒரு ஹெக்டேரில் 15 செ.மீ. ஆழமுள்ள மேல்மண் ஏறத்தாழ 2,000 டன், அதாவது 200 கோடி கிராம். வகுத்துப் பாருங்கள்: ஒரு கிராம் மண்ணுக்கு இரண்டரை வித்துகள். அதே ஒரு கிராம் மண்ணில் பாக்டீரியாக்கள் மட்டுமே கோடிக்கணக்கில் வாழ்கின்றன. மருந்து என்று எண்ணினால் இந்த அளவு ஒன்றுமே இல்லை. வித்துகள் முளைத்துப் பெருகினால்தான் பயன். ஆகவே நாம் இடுவது மருந்து அன்று. நாம் செய்வது ஒரு விதைப்பு. தொழு உரம் வெறும் கலவைப் பொருள் அன்று. அதுவே அதன் உணவு.

விதைப்பு என்று கொண்டால், பிரசுரம் சொல்லாமல் விட்டவை தாமே புலப்படும்.

ஈரம் வேண்டும். நம் மாவட்டத்தில் மானாவாரி நிலம் மிகுதி. நிலக்கடலையின் வேரழுகலை உண்டாக்கும் மேக்ரோபோமினா வெப்பத்திலும் வறட்சியிலும் ஓங்குவது. டிரைக்கோடெர்மாவோ ஈரமும் மிதமான வெப்பமும் விரும்புவது. காய்ந்த செம்மண்ணில் நண்பன் உறங்கும்போது பகைவன் விழித்திருக்கிறான்.

உயிர் வேண்டும். பொட்டலம் நாட்பட நாட்பட வித்துகள் மடிகின்றன. ஆறு மாதம் வெயிலில் கிடந்த பொட்டலமும் தராசில் அதே எடையைத்தான் காட்டும். எனவே எடையைவிடத் தயாரித்த நாளே முக்கியம். நான்கு மாதத்திற்குள் பயன்படுத்துவது நல்லது.

நஞ்சு கூடாது. கார்பென்டசிம் போன்ற பூசணக்கொல்லி இந்தப் பூசணத்தையும் கொல்லும். பிரசுரத்தில் இரண்டும் ஒரே பட்டியலில் உள்ளன. நடுவே 'அல்லது' என்று ஒரு சொல் சிறிய எழுத்தில் நிற்கிறது. "உன் தந்தையார் எதைக் கலந்தார்?" என்று கேட்டேன். "இரண்டையும்தான், சார். ஒன்று போனாலும் ஒன்று காக்கும் என்றார்" என்றார் மாணவர். அவர் தந்தையைக் குறை சொல்ல முடியுமா? மருந்து என்று சொன்னால், இரண்டு மருந்து ஒன்றைவிட நல்லது என்றுதானே எவரும் நினைப்பார்?

'நல்ல பூசணம்' என்னும் அடைமொழியிலும் எச்சரிக்கை வேண்டும். காளான் வளர்ப்போரைக் கேளுங்கள். சிப்பிக் காளான் படுக்கைகளைப் பச்சையாக மூடிப் பாழாக்கும் பூசணமும் டிரைக்கோடெர்மா இனத்தைச் சேர்ந்ததே. பிற பூசணங்களைத் தாக்குவது அதன் இயல்பு. அது நோய்ப் பூசணமானால் நமக்கு நன்மை, காளானானால் நட்டம்.

இனி மாணவரின் கேள்விக்கு மறுபாதி விடை. "தூள் கலக்காமல் எத்தனை வரிசை விட்டீர்கள்?" என்று கேட்டேன். ஒரு வரிசையும் விடவில்லையாம். அப்படியானால் அவர்கள் வயலில் இது பயன் தந்ததா, இல்லையா என்று எவராலும் சொல்ல இயலாது. கலக்காதிருந்தால் சேதம் இன்னும் கூடியிருக்கலாம். இதே அளவாகவும் இருந்திருக்கலாம். ஒப்பிட ஏதுமில்லை.

இப்பிரசுரத்தை மீண்டும் அச்சிடுவோர் 'உயிர் மருந்து' என்பதை நீக்கி, 'அல்லது' என்பதைப் பெரிய எழுத்தில் போட்டு, கடைசியில் ஒரு வரி சேர்க்கட்டும்: 'நான்கு வரிசைகளைத் தூள் கலக்காமல் விட்டு, நோயுற்ற செடிகளை இரு பக்கமும் எண்ணுங்கள்.' மாணவர்களே, அந்த எண்ணிக்கையை நீங்கள் எடுங்கள். வேண்டும் ஐயங்களைப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். அடுத்த கடலைப் பட்டத்தில் அவ்வாறே செய்வதாக அந்த மாணவர் சொல்லியிருக்கிறார். எண்கள் எதுவாயினும் அவற்றை மறைக்காமல் என்னிடம் காட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.